நிழல் எந்தப் பக்கம்

என்கார்னாசியோன்
ஆகஸ்ட் 11, 1996

எவேலியோவுக்கு,

நல்லா இருக்கியான்னு கேக்கப் போறதில்ல. நீ நல்லாத்தான் இருக்கேன்னு பஸ் ஓட்டற சிரிலோ மாமா சொல்லிட்டார். போன வெள்ளிக்கிழமை அசுன்சியோன் டெர்மினல்ல பஸ்ஸை நிறுத்திட்டு இறங்கினாராம். நீயும் ஒரு பொண்ணும் சுருட்டின காகிதத்தை ஆளுக்கொரு முனையா பிடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டே ரோட்டைத் தாண்டினீங்களாம். மாமா நம்ம கடிதத்தை மட்டும் கொண்டுவரல, கடிதத்துல இல்லாததையும் சேத்தே கொண்டுவரார்.

"உயரமா இருந்தாளா மாமா?"ன்னு கேட்டேன்.

"உயரம்னு சொல்ல முடியாதும்மா. ஆனா முடி இருக்கு பாரு..."ன்னு ஆரம்பிச்சவர், என் மூஞ்சியைப் பாத்துட்டு கையில இருந்த சீப்பா ரொட்டியை வாயில திணிச்சுக்கிட்டார்.

அவதான் ஒலிந்தாவா? உன் போன கடிதம் மூணு பக்கம். அதுல ரெண்டு பக்கம் அவ கையைப் பத்திதான். "அவள் கோடு போட்டால் காகிதம் மூச்சு விடுகிறது"ன்னு எழுதியிருக்கே. தொழிற்பள்ளியில நானும் மூணு வருஷமா கோடு போடறேன். என் காகிதம் செத்துக் கிடக்கா? ஒரு நாளாவது ஒரு வார்த்தை சொல்லியிருப்பியா?

அப்புறம் அந்தக் கொம்புக் குவளை. உன் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. அதுல அவ ஐஸ் தண்ணி ஊத்தி, எலுமிச்சம்புல் போட்டு, தெரெரே பானம் கலந்து தராளாம். அதே குழல்லதான் அவளும் வாய் வச்சு உறிஞ்சறாளா? பராகுவே நாடே ஒரே குழல்ல குடிக்குதுன்னு எனக்கும் தெரியும். நாட்டைப் பத்தி நான் கேக்கல.

போகட்டும். டிசம்பர்ல எனக்கு இங்க படிப்பு முடியுது. கட்டடக்கலை படிக்க எங்க சேர்றதுன்னு முடிவு பண்ணியாகணும். உன் பள்ளியில வரைய மட்டும் சொல்லித் தராங்க. இங்க இருக்கிற இன்ஸ்டிடியூட்ல கணக்கு மட்டும். போய்ப் பாத்தேன். ஒரு வரைபலகை கூட இல்ல. "அழகெல்லாம் பெயிண்ட் கடைக்காரன் பாத்துப்பான்"னு வாத்தியார் சொன்னார், வகுப்பே சிரிச்சுது. அம்மாவுக்கு வீட்டுக்குப் பக்கத்துல இருந்தா போதும். எனக்கு வரையவும் வேணும், வரைஞ்சது நிக்கவும் வேணும். இது பேராசையா, நீயே சொல்லு.

நிமியா


அசுன்சியோன்
ஆகஸ்ட் 19

என் ராணி நிமியாவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சிரிலோ மாமா கண்ணாடி மாற்ற வேண்டும். ஒலிந்தா என் வேலைக் கூட்டாளி, அவ்வளவுதான். எங்கள் வகுப்பில் இரண்டிரண்டு பேராகப் பிரித்து வடிவமைப்பு கொடுக்கிறார்கள். யாரோடு யார் என்பதைப் பேராசிரியர்தான் சொல்கிறார். குழலைப் பற்றிய கேள்வி உன் தரத்துக்கு ஏற்றதல்ல, ஆகவே அதற்குப் பதில் சொல்லவில்லை.

பள்ளியைப் பற்றிக் கேட்டாய். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இங்கே வா. முதல் வருடம் முழுக்க எங்களிடம் 'கட்டடம்' என்ற வார்த்தையையே சொல்லவில்லை. ஒளி, வெறுமை, மௌனம், இவற்றை வரையச் சொன்னார்கள். உன் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தால் வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் கனவுக்குக் கம்பி எண்ணிக்கொண்டிருப்பாய். கணக்குப் போட ஆள் எங்கேயும் கிடைக்கும் நிமியா. கனவு காண ஆள் கிடைக்காது.

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு கிராமத்துக்குக் காய்கறிச் சந்தை வடிவமைக்கிறோம். பெரிய கூரை, நடுவில் தூணே கிடையாது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பன்னிரண்டு மீட்டர். தூரத்திலிருந்து பார்த்தால் கூரை ஒரு நூல்போலத் தெரிய வேண்டும் என்பது ஒலிந்தாவின் ஆசை. பீம் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று உன் பாடப்புத்தகத்தைப் பார்த்துச் சொல்வாயா?

முத்தங்களுடன்,
எவேலியோ


என்கார்னாசியோன்
ஆகஸ்ட் 30

எவேலியோ,

பதில் சொல்லாததே பதில்தான். அவ வாய் வைக்கிறா.

உன் பீம் கணக்கு: என் தொடை உயரம் வேணும். நூல் மாதிரின்னா, வாழைக்காய் விக்கிற பொம்பளைங்க தலையிலதான் விழும். "ஒலிந்தாவின் ஆசை"ன்னு நீ அழகா எழுதியிருக்கிறதைப் படிச்சதும் அப்படியே விட்டுடலாம்னு தோணுச்சு. விழட்டும், எனக்கென்னன்னு. பாவம், சந்தைக்காரங்க என்ன பண்ணுவாங்க.

ஒரு வழி இருக்கு. ஒரு காகிதத்தை எடு. அப்படியே நீட்டிப் பிடிச்சா தொங்கிடும். அதையே விசிறி மாதிரி மடிச்சுப் பிடிச்சா விறைப்பா நிக்கும். கூரையையும் அதே மாதிரி மடி. செங்கல் வச்சு, நடுவுல மெல்லிசா கம்பி ஓட்டி, மேலயும் கீழயும் மடிப்பு மடிப்பா. பீமே வேண்டாம். ஓரத்துல இருந்து பாத்தா ஒரே ஒரு கல்லோட கனம்தான் தெரியும். உங்க ராணிக்கு நூல் கிடைச்சிடும். என்னை ராணின்னு கூப்பிடாதே. நாட்டுல எத்தனை ராணின்னு எனக்கே குழப்பமா இருக்கு.

அந்த வரைபடத்துல யார் பேர் போடுவீங்க?

நிமியா


அசுன்சியோன்
செப்டம்பர் 8

நிமியா,

மடிப்பு! நேற்று அட்டையில் மாதிரி செய்து மேஜைமேல் வைத்தேன். பக்கத்து மேஜைகளில் இருந்தவர்களெல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். பேராசிரியர் மூன்று முறை சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு "ஆகா" என்றார். அவர் யாரிடமும் ஆகா சொன்னதில்லை. நாங்கள் எவ்வளவு குதித்தோம் தெரியுமா!

இத்துடன் முழு வரைபடமும் அனுப்புகிறேன். மடிப்பின் கோணம், கம்பியின் அளவு, சுவரின் கனம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடு. வடிவத்தில் கை வைக்காதே, அதை எங்களிடம் விட்டுவிடு. போன தடவை போல யோசனைகள் எழுத ஆரம்பித்தால் ஒலிந்தா குழம்பிப் போவாள். நீ கணக்கை மட்டும் பார்.

பெயரைப் பற்றிக் கேட்டிருந்தாய். மாணவர்கள் பெயர் மட்டும்தான் போட முடியும், அது விதி. உன் பெயர் என் மனசில் இருக்கிறதே, போதாதா?

ஒலிந்தா உனக்கு வணக்கம் சொல்லச் சொன்னாள்.

எவேலியோ


என்கார்னாசியோன்
செப்டம்பர் 27

எவேலியோ,

கணக்கு இத்தோட இருக்கு. கோணம், கம்பி, சுவர் எல்லாம் சரி பாத்தாச்சு. நிக்கும்.

நீ சொன்னபடி கணக்கை மட்டும்தான் பாத்தேன்.

உன் மனசுல இருக்கிற பேரை யாரும் படிக்க முடியாது.

நிமியா


அசுன்சியோன்
நவம்பர் 24

நிமியா,

என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிரிலோ மாமா அந்த அறைக்குள் வர முடியாதே. நானே சொல்கிறேன்.

நடுவர்கள் ஐந்து பேர். கூரையைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள். ஒரு பெண் நடுவர் மாதிரியைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்த மடிப்பு யாருடைய யோசனை?" என்றார். நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கடைசி நாற்காலியில் இருந்த கிழவர், "தம்பி, உன் தாழ்வாரம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தெற்கு என்றேன். "வடக்கே?" என்றார். சுவர் என்றேன்.

"அப்போ வியாபாரிங்க ஜூலை மாசக் குளிர்ல தெற்குக் காத்துலயும் மழையிலயும் நடுங்கணும். காய்கறி வடக்குச் சுவரோட சேர்ந்து வெந்துபோகணும். அப்படித்தானே?" என்றார். "எந்த ஊர்ப் பத்திரிகையைப் பாத்து வரைஞ்சே, ஸ்பெயினா இத்தாலியா? அங்க வெயில் தெற்கேருந்து வரும். இது பராகுவே. இங்க சூரியன் வடக்கே சாஞ்சு போகும்னு சீப்பா ரொட்டி விக்கிறவங்களுக்குக் கூடத் தெரியுமே." அறையே சிரித்தது நிமியா. ஐந்து நடுவர்களும், கூட நின்ற முப்பது மாணவர்களும். ஒலிந்தா வெளியே போய்விட்டாள்.

பத்திரிகை நான் கொண்டு வந்ததுதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழு வரைபடமும் மூன்று வாரம் உன் மேஜைமேல் இருந்தது. வடக்கு எது என்று அதில் அம்புக்குறி போட்டிருந்தது. நீ பார்த்தாயா, இல்லையா? அதை மட்டும் சொல்.

எவேலியோ


என்கார்னாசியோன்
டிசம்பர் 5

எவேலியோ,

பாத்தேன்.

பிரிச்சு வச்ச உடனே பாத்தேன். அம்பு மேல பாக்குது, தாழ்வாரம் கீழ இருக்கு. தப்புன்னு தெரிய ஒரு நிமிஷம் கூட ஆகல. எழுதலாம்னு பேனாவையும் எடுத்துட்டேன். அப்பதான் ஓரத்துல பேர் எழுதற கட்டம் கண்ணுல பட்டுச்சு. 'எவேலியோ பிரிட்டெஸ், ஒலிந்தா காசேரெஸ்'. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல, கல்யாணப் பத்திரிகை மாதிரி. வயிறு எரிஞ்சுது, எவேலியோ. மடிப்பு என்னுது, கணக்கு என்னுது. "வடிவத்தில் கை வைக்காதே"ன்னு வேற எழுதியிருந்தே. சரி, கை வைக்கலன்னு மூடி வச்சுட்டேன். நல்லா வேணும்னுதான் நினைச்சேன். இப்பவும் அதுக்காக நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கல.

ஆனா ஒலிந்தாகிட்ட கேட்டேன். ஆமா, ஒலிந்தாகிட்ட. நம்ம கடிதம் யார் பஸ்ல வருதுன்னு தெரிஞ்சுக்கிட்டு, போன சனிக்கிழமை சிரிலோ மாமா பஸ்ல இங்க வந்தா. மாமாவே வீட்டு வாசல்ல கொண்டுவந்து விட்டுட்டு, எனக்கு ஒண்ணும் தெரியாதும்மான்னு ஓடிட்டார். அவளுக்குன்னு நாலு மாசமா சேத்து வச்சிருந்த வார்த்தை எல்லாம் என் வாயில தயாரா இருந்துச்சு. அவ உள்ள வந்து, உக்காரக்கூட இல்ல, "மடிச்சா ஏன் நிக்குது?"ன்னு கேட்டா.

அவ்வளவுதான். சண்டை போட வந்தவ யாரும் அப்படிக் கேக்க மாட்டா.

காகிதத்தை மடிச்சு ரெண்டு டம்ளருக்கு நடுவுல வச்சு, மேல அம்மாவோட கத்தரிக்கோலை வச்சுக் காட்டினேன். அவளும் கத்தரிக்கோலை விரலால அழுத்திப் பாத்தா. "இதை அவன் தன்னோட யோசனைன்னு சொன்னான்"னா. அந்தப் பெண் நடுவர் கேட்டப்ப நீ 'என்னுடையது'ன்னுதான் சொன்னியாம். ஏன் நிக்குதுன்னு அடுத்த கேள்வி வந்தப்ப ஒளி, மௌனம்னு என்னவோ உளறினியாம். உன் கடிதத்துல அந்தப் பகுதியை மட்டும் காணோமே?

கணக்கு யார் போட்டதுன்னு அவ கேட்டதுக்கு, "ஊரில் ஒரு தூரத்து உறவுக்காரப் பெண்"ன்னு சொன்னியாம். தூரத்து உறவு! ரெண்டு வருஷமா முத்தம் வாங்கின தூரத்து உறவு.

தாழ்வாரம் தப்புன்னு தெரிஞ்சும் நான் சொல்லலன்னு அவகிட்ட சொன்னேன். திட்டுவான்னு நினைச்சேன். "உன் இடத்துல நான் இருந்தா வடக்கு அம்பையே அழிச்சிருப்பேன்"னு சொல்லிட்டுச் சிரிச்சா. அம்மா கொடுத்த மரவள்ளிமாவு பேயு ரொட்டியை ஒரு துண்டு விடாம தின்னுட்டு, எங்க கொல்லைப்பக்கத்தைப் பத்துப் பன்னிரண்டு கோட்டுல வரைஞ்சா. நீ சொன்னது பொய்யில்ல. காகிதம் மூச்சு விடத்தான் செய்யுது. அதைப் பாத்து மறுபடி வயிறு எரிஞ்சுது. இது வேற எரிச்சல். இந்த எரிச்சல்ல உனக்குச் சம்பந்தமே இல்ல.

வில்லாரிக்காவுல ஒரு புதுக் கட்டடக்கலைப் பள்ளி தொடங்கியிருக்காங்களாம், அவதான் சொன்னா. முதல் வருஷத்துலயே நீ வரைஞ்சதை இன்னொருத்தர் செங்கல் வச்சு நிஜ அளவுல கட்டணுமாம். கட்ட முடியலன்னா வகுப்புக்கு முன்னாடியே உன்கிட்ட திருப்பிக் கொடுத்துடுவாங்களாம். அடுத்த மாசம் அவங்க வரைவாங்க, நீ கட்டணும். வரையறவ, கணக்குப் போடறவன்னு அங்க தனித்தனி ஆளே கிடையாது. இப்படி ஒரு இடத்தைத்தான் நான் தேடிக்கிட்டிருந்தேன். பிப்ரவரியில பரீட்சை. ரெண்டு பேரும் எழுதப் போறோம்.

நிமியா


அசுன்சியோன்
டிசம்பர் 16

நிமியா,

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் ஒலிந்தா. படிக்கும்போது எனக்கு எப்படி இருந்தது என்று யோசித்தாயா? என் கூட்டாளியை என்னிடமிருந்து பிரித்துக்கொண்டு போகிறாய். என்னைப் பற்றி நீங்கள் இருவரும் ரொட்டி தின்றுகொண்டே பேசிச் சிரித்திருக்கிறீர்கள். அவள் இப்போது என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. வகுப்பில் வேறு மேஜைக்கு மாறிவிட்டாள். 'என்னுடையது' என்று வாய் தவறி வந்துவிட்டது. ஐந்து பேர் எதிரே உட்கார்ந்து கேட்டால் உனக்கும் அப்படித்தான் வரும்.

வில்லாரிக்காவா? தங்கள் ஊரைத் தனி நாடு என்று சொல்லிக்கொள்ளும் அந்த ஆட்களிடமா? ஏரிக்கரையில் பெருச்சாளி போன்ற அந்தக் கார்ப்பிஞ்சோக்கள் மேய்வதைப் பார்த்துக்கொண்டு கல் சுமக்கப் போகிறீர்களா? அது கட்டடக்கலைப் பள்ளி இல்லை, கொத்தனார் பள்ளி. பட்டம் வாங்கினாலும் அசுன்சியோனில் ஒருவன் மதிக்க மாட்டான். இரண்டையும் சொல்லித் தருகிறேன் என்கிறவன் எதையும் உருப்படியாகச் சொல்லித் தர மாட்டான்.

கடைசியாகக் கேட்கிறேன். இங்கே வந்து என்னோடு படி. என் கூட்டாளியாக உன்னைப் போடச் சொல்லிப் பேராசிரியரிடம் நானே பேசுகிறேன். உன் பெயர் என் பெயருக்குப் பக்கத்தில் வரும். அதுதானே உனக்கு வேண்டும்? வில்லாரிக்காவுக்குத்தான் போவாய் என்றால், நமக்குள் ஒன்றும் இல்லை.

எவேலியோ


என்கார்னாசியோன்
ஜனவரி 7, 1997

எவேலியோ,

நாலு மாசத்துக்கு முன்னாடி இதை நீ எழுதியிருந்தா, பெட்டியைத் தூக்கிக்கிட்டு சிரிலோ மாமா பஸ் மேலயே ஏறி உக்காந்து வந்திருப்பேன். இப்ப அந்த வரியைப் படிச்சதும் எனக்குத் தோணினது ஒண்ணுதான். என் பேரை உன் பக்கத்துல போடறதை நீ எனக்குக் கூலியா கொடுக்கறே.

நான் வில்லாரிக்காப் பரீட்சையைத்தான் எழுதப் போறேன்.

ஆனா மனசு கேக்கல. நீ அங்க இன்னொரு பொண்ணோட இன்னொரு காகிதத்தோட முனையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டறதை நினைச்சா இன்னமும் எனக்கு ஆகல. இதையும் சொல்லிடறேன், மறைக்க என்ன இருக்கு.

நிமியா


அசுன்சியோன்
பிப்ரவரி 20

நிமியா,

கோபத்தில் எழுதியதை மறந்துவிடு. நமக்குள் என்ன சண்டை? பரீட்சை நன்றாக எழுதியிருப்பாய் என்று நம்புகிறேன். நான் அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் அறையை விட்டே நகரவில்லை. இங்கே சுடும் வடக்குக் காற்று, தார் ரோடே உருகுகிறது.

முடிவு வந்துவிட்டதா? உனக்குக் கிடைக்காவிட்டால் வருத்தப்படாதே. அந்த மாதிரிப் பள்ளியில் இடம் கிடைப்பதும் கிடைக்காததும் ஒன்றுதான். இங்கே மார்ச் கடைசி வரைக்கும் சேர்க்கை இருக்கிறது. நான் உனக்காகக் காத்திருக்கிறேன்.

எவேலியோ


வில்லாரிக்கா
மார்ச் 2

எவேலியோ,

காய்ச்சல் எப்படி இருக்கு?

பரீட்சை கூடத்துல எனக்கு முன்னாடி மூணாவது வரிசையில ஒருத்தன் உக்காந்திருந்தான். பின்கழுத்துல, காதுக்குக் கீழ, ரெண்டு மச்சம். அந்த ரெண்டையும் எனக்கு நல்லாவே தெரியும். முதல்ல என் கண்ணுதான் சரியில்லன்னு நினைச்சேன். அப்புறம் நீ பென்சிலைப் பல்லால கடிச்சே. அதுக்கு மேலயும் சந்தேகப்பட நான் என்ன முட்டாளா?

கொத்தனார் பள்ளின்னு எனக்கு எழுதிட்டு, அதுலயே இடம் கேட்டு நீ வந்து உக்காந்திருக்கே. கூப்பிடத்தான் நினைச்சேன். கூப்பிடல. நீ எப்படிப் பண்றேன்னு பாக்கணும்னு இருந்துச்சு. ஒரு செங்கல் வளைவு வரையணும், அது எங்க விரிசல் விடும்னு குறிக்கணும். அதுதான் கேள்வி. வரையற பாதியில உன் கை பறந்துச்சு. குறிக்கிற பாதியில நின்னுடுச்சு. நான் என் தாளை விட்டுட்டு உன் முழங்கையையே பாத்துக்கிட்டிருந்தேன். மணி அடிச்சதும் நீ பக்கத்துக் கதவு வழியா போயிட்டே. ஒலிந்தாவும் உன்னைப் பாத்தா.

நேத்து பட்டியல் ஒட்டினாங்க. முதல் பேர் ஒலிந்தா. என் பேர் அதுக்குக் கொஞ்சம் கீழ. அவ எனக்கு மேல இருக்கிறது எரிச்சலாத்தான் இருக்கு, அவகிட்டயே சொல்லிட்டேன். அஞ்சு வருஷம் இருக்கு, முடிஞ்சா கீழ இறக்கிக்கோன்னா.

அப்புறம் உன் பேரைத் தேடினேன். முதல்லேர்ந்து கடைசி வரைக்கும், திரும்பக் கடைசிலேர்ந்து முதல் வரைக்கும். இல்ல.

சந்தோஷப்பட்டேன், எவேலியோ. கொஞ்சமில்ல, அந்த இடத்துலயே, அத்தனை பேருக்கு நடுவுல, வாய் விட்டுச் சிரிச்சேன். யாருக்காவது கிடைக்கலன்னு நான் இப்படிச் சந்தோஷப்பட்டதே இல்ல. ஒலிந்தா என் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துக்கிட்டு வந்தா. வெளிய வந்ததும்தான் அழுகை வந்துச்சு. "நானும் வரேன் நிமியா, எனக்குக் கணக்கு வரல, சொல்லிக்கொடு"ன்னு ஒரு வரி எழுதியிருந்தா போதும். ஜனவரி முழுக்க உக்கார வச்சுச் சொல்லிக் கொடுத்திருப்பேன். இன்னைக்கு உன் பேரும் அந்தச் சுவத்துல இருந்திருக்கும்.

நாளைக்கு வகுப்பு ஆரம்பம். நீ இதுக்குப் பதில் போட்டா நானும் போடுவேன். போட்டா இங்க எனக்குக் கிடைக்கிறதை எல்லாம் ஒண்ணு விடாம, உனக்கு வலிக்கிற மாதிரியே எழுதுவேன். எனக்கு என்னைத் தெரியும். அதனால எழுதாதே.

நிமியா